பேர் தெரியாத டீசல் இன்ஜினோடு ஒரு பழைய படகு: வாங்கும் முன் பார்த்தவை, வாங்கிய பின் கண்டவை

படகைப் பார்த்தவுடன் எனக்கும் நண்பருக்கும் பிடித்துப்போனது. 11 மீட்டர் ஃபைபர் பாய்மரப் படகு, 1990களின் தொடக்கத்தில் கட்டியது. மேல்தளத்தை மிதித்துப் பார்த்தால் எங்கும் அமுங்கவில்லை, பாய்கள் இன்னும் நாலைந்து வருடம் தாங்கும், உள்ளே பூஞ்சை வாடைகூட இல்லை. இதே அளவில் இதே வயதில் வந்த மற்ற படகுகளைவிட விலை கணிசமாகக் குறைவாகவும் இருந்தது. ஏன் குறைவு என்பது இன்ஜின் மூடியைத் தூக்கியபோதுதான் புரிந்தது. உள்ளே இந்த மாதிரிப் படகுகளில் வழக்கமாக இருக்கும் யன்மார் இன்ஜின் இல்லை. பெயின்ட் உரிந்த நான்கு சிலிண்டர் டீசல் ஒன்று உட்கார்ந்திருந்தது, தகட்டில் பாதி எழுத்து அழிந்துபோய் "பெர்கின்ஸ்" என்பதை மட்டும்தான் படிக்க முடிந்தது. பெர்கின்ஸ் 4108 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் இது அது இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: உதிரிபாகம் கிடைக்காது, விட்டுவிடு. அதில் ஒருவர்கூட எந்த உதிரிபாகம் கிடைக்காது என்று சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்தப் பதிலை வைத்துத்தான் படகை வாங்கினோம், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை அது என்ன இன்ஜின் என்று கண்டுபிடிப்பது. விற்றவருக்கும் தெரியவில்லை, அவர் வாங்கும்போதே தகடு அப்படித்தான் இருந்ததாம். படகு இன்ஜின் பார்ப்பவர் ஒருவர் வந்து, தன் கையில் இதற்கான கையேடு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் நண்பருக்கு ஒரு யோசனை வந்தது. கார் டீசல் இன்ஜின்களில் முப்பது வருடம் கை வைத்த மெக்கானிக் ஒருவர் அவருக்குப் பழக்கம், படகில் காலே வைத்திராதவர், அவரைக் கூட்டி வந்தார். அவர் டார்ச்சை அடித்து இன்ஜினின் முன்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். அங்கே மெல்லிய போல்ட்டுகளில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதை விரலால் தட்டினார், டொக் டொக் என்று வெறும் டப்பா சத்தம். "அண்ணே, அது என்ன?" என்றேன். "உள்ள டைமிங் பெல்ட் ஓடுது தம்பி. கனரக இன்ஜினா இருந்தா இங்க இரும்பு வார்ப்பு மூடி போட்டு உள்ள பல்சக்கரம் வச்சிருப்பான். இது காருக்குப் பொறந்த இன்ஜின், கடலுக்குத் தத்து குடுத்திருக்காங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தேடினோம். தகட்டில் மிச்சமிருந்த எண்களைக் கிராஃபைட் பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்தோம். பெர்கின்ஸ் பிரைமா எம்50. பெர்கின்ஸும் ஆஸ்டின் ரோவரும் சேர்ந்து 1980களில் உருவாக்கிய 2 லிட்டர் டீசல், சரியாகச் சொன்னால் 1994 சிசி, நேரடி இன்ஜெக்ஷன். மேஸ்ட்ரோ வேனிலும் மான்டெகோ காரிலும் ஓடிய அதே இன்ஜின்தான், படகுக்கு ஏற்றபடி மாற்றி 50 குதிரைத்திறனுக்கு விற்றிருக்கிறார்கள். இதையே வோல்வோ பென்டா பச்சை பெயின்ட் அடித்து எம்டி22 என்ற பெயரிலும் விற்றது. இந்தக் கடைசித் தகவல் அப்போது எங்களுக்கு ஒரு சுவாரசியமான சங்கதியாக மட்டும்தான் தோன்றியது, அது எவ்வளவு பெரிய உதவி என்பது பின்னால்தான் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய படகு தேடும் பலருக்கு இது தெரிவதில்லை. சிறிய படகு டீசல்களில் பல படகுக்கென்றே பிறந்தவை இல்லை. நன்னி, பீட்டா மரைன், பழைய யுனிவர்சல் எல்லாம் குபோட்டா இன்ஜின் மேல் கட்டியவை, அதாவது டிராக்டரிலும் ஜெனரேட்டரிலும் ஓடுவது. வீட்டஸ், சோலே இரண்டும் மிட்சுபிஷியைப் பயன்படுத்தின. பாத்ஃபைண்டர் என்று ஒன்று இருந்தது, அது ஃபோக்ஸ்வேகன் டீசல். மேலே ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் பார்த்து அபூர்வம் என்று நினைத்தால், உள்ளே இருப்பது உலகம் முழுக்க லட்சக்கணக்கில் ஓடிய இன்ஜினாக இருக்கலாம். மறுபக்கம், டென்மார்க்கின் புக் மாதிரி உண்மையிலேயே தனக்கென்று பிளாக் வார்த்துச் செய்த இன்ஜின்களும் உண்டு. அவற்றுக்குக் காரிலோ டிராக்டரிலோ உறவுக்காரர் கிடையாது. ஆனால் புக் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் ஏகப்பட்டது போயிருப்பதால் பாகத்துக்குத் திண்டாட்டம் வராது. ஆக, "அபூர்வம்" என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன, உங்கள் கையில் இருப்பது எது என்று தெரியாமல் விலை பேசவே கூடாது.

எங்கள் இன்ஜினை மனதுக்குள் இரண்டாகப் பிரித்தோம். பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட், வால்வு, இன்ஜெக்டர் முனை, டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இதெல்லாம் கார் பக்கம். அந்தக் கார்கள் சாலையில் அருகிவிட்டாலும் பாகம் விற்பவர்களிடம் இருப்பு இருந்தது, இல்லாததை லேத் பட்டறையிலும் டீசல் பம்ப் பழுது பார்க்கும் இடத்திலும் சரிசெய்ய முடியும். இன்னொரு பக்கம், படகுக்கென்று மாற்றியபோது சேர்த்தவை: கடல்நீர் பம்பும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஒட்டிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இன்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட்டின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றுவது), எக்ஸாஸ்ட் முழங்கை, கியர்பாக்ஸை ஃப்ளைவீலோடு சேர்க்கும் பெல் ஹவுசிங், இரண்டுக்கும் நடுவில் அதிர்வை உறிஞ்சும் டேம்பர் பிளேட். அபூர்வம் இருந்தது இந்தப் பக்கம்தான். இதிலும் எல்லாமே பயப்படும்படியானவை இல்லை. முழங்கையை ஸ்டெயின்லெஸ் குழாயில் வெல்டு பண்ணிச் செய்துவிடலாம். டேம்பர் பிளேட் பல இன்ஜின்களுக்குப் பொதுவாக வருவது, துளை வட்டத்தை அளந்து வாங்கலாம். கியர்பாக்ஸ் ஹர்த், அந்த நிறுவனம் பிறகு இசட்எஃப் குழுமத்துக்குள் போய்விட்டாலும் பாகங்கள் வருகின்றன. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தபோது கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் அலுமினிய வார்ப்பு உறை. அதை யாராலும் குழாய் வளைத்துச் செய்ய முடியாது, புதிதாக எங்கும் அகப்படவில்லை, அது ஓட்டையானால் மீதி எல்லாம் நன்றாக இருந்தும் இன்ஜின் ஓடாது.

எனவே ஆய்வின் பெரும்பகுதியை அந்த உறைக்கே செலவழித்தோம். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரிந்தது. நண்பர் தரையில் படுத்துக் கையை அடியில் விட்டுத் தடவினார். ரப்பர் ஹோஸ் ஏறும் கழுத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சொரசொரவென்று எதுவோ விரலில் ஒட்டியது. வெளியே எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. அலுமினியம் அரித்தால் இப்படித்தான் பூக்கும். கூலன்ட் மூடியைத் திறந்தோம், உள்ளே பச்சையோ சிவப்போ இல்லை, கலங்கிய பழுப்புத் தண்ணீர். கூலன்ட்டில் அரிப்பைத் தடுக்கும் சேர்மம் இருக்கிறது, அது சில வருடங்களில் தீர்ந்துவிடும், அதற்கப்புறம் நிறம் இருந்தாலும் பாதுகாப்பு கிடையாது. இதில் நிறமே இல்லை. யாரோ அளவு குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் நேரடியாகச் சொன்னோம்: ஹோஸைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும், மறுபடி பூட்டும் செலவு எங்களுடையது, வாங்காவிட்டாலும் அதைத் திருப்பிக் கேட்க மாட்டோம். அவர் ஒப்புக்கொண்டார், அதற்கு இன்றும் நன்றி. ஹோஸ் வந்ததும் கழுத்தின் விளிம்பு தெரிந்தது. கிளிப் இறுகும் இடத்தில் பள்ளம் பள்ளமாக அரித்து, ஓரிடத்தில் சுவர் பாதித் தடிமன்தான் மிச்சம். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினால் உலோகம் கல்மாதிரி நிற்காமல் பொறபொறவென்று உதிர்ந்தது. கூலன்ட் பக்கத்துக்கு அழுத்தம் கொடுத்து அரைமணி நேரம் வைத்துப் பார்த்தோம், முள் இறங்கவில்லை. அதாவது இன்னும் ஓட்டை விழவில்லை, ஆனால் எத்தனை நாள் தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது.

ஆயிலையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். படகு வாங்குபவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும், செலவு மிகக் குறைவு. சோடியமும் மக்னீசியமும் சேர்ந்து ஏறியிருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம், பொட்டாசியம் ஏறியிருந்தால் கூலன்ட் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும், செம்பும் ஈயமும் பேரிங் தேய்மானத்தைக் காட்டும். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: விற்பதற்கு முன்னால் புது ஆயில் மாற்றியிருந்தால் சோதனையில் ஒன்றும் தெரியாது, ஆகவே எப்போது மாற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். எங்கள் நல்ல நேரம், ஆயில் பழசு. முடிவில் பயப்படும்படி எதுவும் இல்லை. கியர்பாக்ஸில் ஊற்றுவது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய், அதைத் துணியில் தொட்டு முகர்ந்தோம். கிளட்ச் நழுவியிருந்தால் கருகிய வாடை வரும், வரவில்லை.

கடலில் ஓட்டிப் பார்த்த நாளன்று சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தோம், சில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் சிரமம் மறைந்துவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் வெள்ளைப் புகை, இரண்டு நிமிடத்தில் நின்றது. நீலப் புகை இல்லை. கடலுக்குப் போய் முழு வேகத்தில் 20 நிமிடம் வைத்தோம். இந்த இன்ஜினுக்குச் சொன்ன உச்சச் சுற்றுக்கு 200 சுற்று குறைவாகத்தான் ஏறியது, கூடவே மெல்லிய கரும்புகை. படகின் அடியில் பாசியும் சிப்பியும் மண்டியிருந்ததால் அதைக் காரணமாக எடுத்துக்கொண்டோம். பின்னால் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் சுற்று முழுசாக ஏறியது, ஆனால் அன்று அது ஊகம்தான், டீசல் பம்ப்போ அடைத்த எக்ஸாஸ்ட் முழங்கையோ காரணமாக இருந்திருந்தால் கணக்கே மாறியிருக்கும். வெப்பம் மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றது. நின்ற இடம் இருக்க வேண்டியதைவிடச் சற்று மேலே, அது நாங்கள் எதிர்பார்த்ததுதான்.

அன்று நாங்கள் செய்த ஒரு பெரிய தவறை இங்கே எழுதியே ஆக வேண்டும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டைப் பார்க்காமல் கடலுக்குப் போனோம். பிளாஸ்டிக் மூடி என்று மெக்கானிக் சொன்ன நாளிலேயே அதைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் கவலையில் மறந்தேபோனோம். ஓட்டிவிட்டு வந்து கழற்றினால் பெல்ட்டின் முதுகு முழுக்க மயிரிழை வெடிப்பு, பற்களின் அடியிலும் வெடிப்பு. கடைசியாக எப்போது மாற்றியது என்ற பதிவே இல்லை. அது முழு வேகத்தில் அறுந்திருந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, இன்னொருவருடைய இன்ஜினை நாங்கள் வாங்கும் முன்பே உடைத்திருப்போம். மணிக்கணக்கு மீட்டரில் வெறும் 900 மணி காட்டியதும் எங்களைச் சற்று அசட்டையாக்கியது. முப்பது வருடத்துக்குமேல் ஆன இன்ஜினில் 900 மணி என்றால் வருடத்துக்கு 30 மணிகூட இல்லை. அது நல்ல செய்தி மாதிரி தெரியும், இல்லை. ரப்பர் வருடக்கணக்கில்தான் கெடும், அது மணிக்கணக்கைப் பார்க்காது. அதோடு, ஓடாமல் கிடந்த டீசலின் சிலிண்டருக்குள் ஈரம் ஏறும், துறைக்குள்ளேயே குறைந்த வேகத்தில் ஓட்டினால் சுவர் வழவழவென்று பளபளத்து ரிங் சரியாகப் பிடிக்காது. தொடர்ந்து ஓடி, ஒழுங்காகப் பராமரித்த 3000 மணி இன்ஜினைத்தான் நான் இதற்கு முன்னால் வைப்பேன்.

அடுத்து விலை. நாங்கள் போட்ட கணக்கில் இரண்டு நிலைமைகள் இருந்தன. ஒன்று, மாற்று உறை கிடைத்தால் அதன் விலை, பெல்ட், டென்ஷனர், ஹோஸ்கள், கூலன்ட், எங்கள் உழைப்பு. இரண்டாவது, கிடைக்காவிட்டால் புது இன்ஜின். புது இன்ஜின் என்றால் பலரும் இன்ஜினின் விலையை மட்டும் நினைக்கிறார்கள். பழைய இன்ஜின் உட்கார்ந்த பீடத்தின் அகலமும் உயரமும் புதிதுக்குப் பொருந்தாது, அதை வெட்டி ஃபைபர் போட்டுக் கட்ட வேண்டும். கியரின் விகிதம் மாறினால் புரொப்பல்லரும் மாறும், சுற்றும் திசை மாறினாலும் அப்படியே. ஷாஃப்ட்டின் நீளம், எக்ஸாஸ்ட் ஹோஸின் விட்டம், எக்ஸாஸ்ட் தண்ணீர் இன்ஜினுக்குள் திரும்பாமல் தடுக்கும் தண்ணீர்ப் பூட்டு, வயரிங், மீட்டர் பலகை என்று வரிசையாக வரும், கடைசியில் தூக்கிக் கரையில் வைக்கும் கூலியும் இருக்கிறது. அந்த மொத்தத் தொகை படகுக்குச் சொன்ன விலையின் பாதிக்கு மேல் வந்தது. விற்றவரிடம் இந்த இரண்டு கணக்கையும் தாளில் எழுதியே காட்டினோம், புகைப்படங்களோடு. இன்ஜின் அபூர்வம், அதனால் குறையுங்கள் என்று பொதுவாகப் பேசியிருந்தால் அவர் அசைந்திருக்க மாட்டார், ஏனென்றால் அதற்காக ஏற்கெனவே குறைத்துத்தான் விலை சொல்லியிருந்தார். அரித்த கழுத்தின் படம் வேறு விஷயம். இரண்டு கணக்குக்கும் நடுவில் ஓரிடத்தில் ஒத்துக்கொண்டோம். மோசமான நிலைமை வந்தாலும் தாங்குவோமா என்று எங்களையே கேட்டுக்கொண்டு, சிரமம்தான் ஆனால் தாங்கலாம் என்று தோன்றிய பிறகே முன்பணம் கொடுத்தோம். அந்தத் தொகை கையில் இல்லாதவர்களுக்கு இந்தப் படகை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

வாங்கிய பின் முதல் நாலு மாதம் பெர்கின்ஸ் என்ற பெயரிலேயே உறையைத் தேடினோம், ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம்தான் அந்தப் பச்சை பெயின்ட் சங்கதி நினைவுக்கு வந்தது. எம்டி22 என்று தேட ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் ஒருவர் கிடைத்தார், படகுக்குப் புது இன்ஜின் போட்டுவிட்டுப் பழசை ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தவர். சிலிண்டர் ஹெட் வெடித்துப்போன இன்ஜின், ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உறை சுத்தமாக இருந்தது, அவர் கூலன்ட்டை முறையாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். போகும்போது எங்கள் பழைய கேஸ்கட்டைக் கையோடு கொண்டுபோய் அதன்மேல் வைத்துப் பார்த்தோம். எல்லாத் துளைகளும் அப்படியே பொருந்தின. அந்த நிமிடம் நண்பர் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்து அழுத்தியது இன்னும் நினைவிருக்கிறது. உறையை மட்டும் தனியாகக் கேட்கவில்லை, மொத்த இன்ஜினையும் வாங்கிவிட்டோம். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், கடல்நீர் பம்ப், பெல் ஹவுசிங் எல்லாம் அதோடு வந்தன. இப்படி இன்ஜின் மாற்றுகிறவர்கள் கழற்றிப் போடுவதுதான் அபூர்வ இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான கிடங்கு. அது எப்போதும் இருக்காது, அவசரம் இல்லாத காலத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டும் வேலை மூன்று வார இறுதிகள் எடுத்தது. பழைய உறையைக் கழற்றியபோது ஒரு போல்ட் உடைந்தது, அதைத் துளையிட்டு எடுக்கவே ஒரு நாள் போனது. உறைக்குள் கடல்நீர் ஓடும் மெல்லிய குழாய்களின் கட்டை வெளியே இழுத்தால் பாதிக் குழாய்களில், கடல்நீர் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் உடைந்த ரப்பர் துண்டுகள் அடைத்துக் கிடந்தன. வெப்பம் ஏன் சற்று மேலே நின்றது என்பதற்குப் பதில் அங்கே இருந்தது. யாரோ எப்போதோ இம்பெல்லரை மாற்றியபோது உடைந்த இறக்கைகள் எங்கே போயின என்று தேடவில்லை. மாற்று உறை, சுத்தம் செய்த குழாய்க் கட்டு, புது பெல்ட், டென்ஷனர், அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட். அதன் பிறகு முழு வேகத்திலும் முள் இருக்க வேண்டிய இடத்திலேயே நிற்கிறது.

இப்போது இரண்டு பருவம் ஓடி முடிந்திருக்கிறது, 260 மணி. டேம்பர் பிளேட் குறைந்த வேகத்தில் கடகடக்க ஆரம்பித்திருக்கிறது, அதை இந்த முறை கரையேற்றும்போது மாற்றப்போகிறோம், அளவு எடுத்து வாங்கியும் வைத்துவிட்டோம். தகட்டில் அழிந்த எண்களை ஒரு சிறிய பித்தளைத் தகட்டில் பொறித்துப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம், அதன் கீழே எம்டி22 என்றும் சேர்த்து. இன்ஜின் மூடியின் உட்புறத்தில் பெல்ட் மாற்றிய தேதியையும் கூலன்ட் மாற்றிய தேதியையும் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம், அடுத்து யார் இந்த மூடியைத் தூக்கினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.